முப்பத்திரண்டு கட்டைகளும் எட்டு சதவீதச் சுருக்கமும்

அந்த மின்னஞ்சல் ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தது. நான் அப்போது ஒரு கைக்குழந்தைச் சட்டையின் கழுத்துப் பட்டியை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் உத்தியோகம் அது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரன் கேட்டதற்கும் இங்கே தைத்ததற்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிறவன் என்று புரிந்துகொண்டால் போதும்.

கோயம்புத்தூரில் இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்று நான்கு பேர் சேர்ந்து வாசிக்கும் குழு ஒன்று இருக்கிறது. புதிதாக எழுதுகிறவர்களின் இசையை வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசித்துப் பார்ப்பார்கள். அந்த வருடம் என்னுடையதையும் வாசிப்பதாக எழுதியிருந்தார்கள். ஒரே நிபந்தனை, நான்கு பேருக்கும் தனித்தனியாக அச்சடித்த தாள் வேண்டும். கையெழுத்துப் பிரதி ஆகாது. ஞாயிறு வருவதற்கு இருபது நாள் இருந்தது.

கழுத்துப் பட்டியை விட்டேன். அது பழைய அளவுக்குத் திரும்பவில்லை. சட்டையை ரிஜெக்ட் செய்துவிட்டு மின்னஞ்சலை இன்னொரு முறை படித்தேன்.

இந்த இசைப் பைத்தியம் என்னிடம் எப்படி வந்தது என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். கல்லூரி விடுதியில் செவ்வாய்க்கிழமை இரவு உப்புமா. அதே நேரத்தில் பாடகர் குழுவில் சேர்ந்தவர்களுக்கு ஒத்திகை முடிந்ததும் பரோட்டா. உப்புமாவுக்குப் பயந்து ஐந்து கோட்டு சுரக்குறிப்பு படிக்கக் கற்றுக்கொண்டேன். பரோட்டா செரித்துவிட்டது, சுரக்குறிப்பு இன்னும் செரிக்கவில்லை. ஐம்பத்தொரு வயதில், மூன்று வருடம் பென்சிலால் எழுதி அழித்து, நான்கு தந்தி வாத்தியங்களுக்குத் தொண்ணூற்றாறு பார், அதாவது தாளக் கட்டம், எழுதி முடித்திருந்தேன். வாசித்தால் நான்கு நிமிடம் வரும். கம்பெனியில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் கல்யாண வீட்டில் பாடச் சொல்வார்கள்.

அந்த நான்கு நிமிடத்தை மனிதர்கள் வாசித்து நான் கேட்டதில்லை. சோதனைக்கு நாலைந்து பார் கம்ப்யூட்டரில் ஏற்றினால் அது வாசித்துக் காட்டும். நான்கு கொசு சேர்ந்து பஜனை செய்வது மாதிரி இருக்கும். நன்றாக இருக்கிறதா, கொசுவின் குற்றமா, என் குற்றமா என்று தெரியாமலே மூன்று வருடம் போயிருந்தது. ஒரே ஒரு தடவை உயிருள்ள கைகள் வாசித்துக் கேட்டுவிட்டால் தெரிந்துவிடும். வேண்டியது அதுதான். பயமும் அதுதான்.

சுரக்குறிப்பு எழுதும் மென்பொருளில் ஒவ்வொரு சுரத்தையும் சுட்டிப் பலகையில் விரலால் நகர்த்தி, கோட்டில் வைத்து, அழுத்த வேண்டும். அன்று விடிய விடிய இருபது பார் அப்படி ஏற்றினேன். மணிக்கட்டு வீங்கிவிட்டது.

டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, "என்ன வேலைங்க?" என்றார்.

"மெர்ச்சண்டைசருங்க."

"டேப்பு புடிச்சு அளந்தா இப்படி வராதுங்களே. வேற ஏதாச்சும் பண்றீங்களா?"

"இல்லீங்க" என்றேன். கையில் ஒரு பட்டை மாட்டிவிட்டு, கம்ப்யூட்டரை ஒரு மாதம் தொடாதீர்கள் என்றார். அந்த ஒரு மாதத்துக்குள் ஞாயிறு வந்து போய்விடும் என்று மட்டும் எனக்குக் கணக்கு ஓடியது.

வழி இருந்தது. மிடி கீபோர்டு என்று ஒரு சாமான். பார்க்க ஆர்மோனியக் கட்டைகள் மாதிரி இருக்கும், தானாகச் சத்தம் போடாது. கம்ப்யூட்டரில் செருகிவிட்டு, இடது கையால் கம்ப்யூட்டரின் எண் பொத்தானை அழுத்தி அரை மாத்திரையா, கால் மாத்திரையா என்று சொல்லி, வலது கையால் கட்டையைத் தொட்டால் அந்தச் சுரம் கோட்டில் போய் உட்காரும். மணிக்கட்டு அசைய வேண்டியதில்லை. சின்னதாக ஒன்று வாங்கினால் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அந்தச் சின்னதில்தான் பதினோரு நாள் போனது.

இருபத்தைந்து கட்டை, முப்பத்திரண்டு கட்டை, நாற்பத்தொன்பது கட்டை. முழு அளவுக் கட்டை, மினி கட்டை. சிலதில் டிரம் அடிக்கச் சதுரம் சதுரமாக ரப்பர் பொத்தான்கள் இருந்தன. சுரம் எழுதுகிறவனுக்கு அது எதற்கு என்று ஒதுக்கினேன். ஒதுக்கிய பிறகு, அது இல்லாததால் ஏதாவது குறைந்துவிடுமோ என்று திரும்பப் போய்ப் படித்தேன். விமர்சன வீடியோக்களில் பேசுகிறவர்களின் அறையில் ஒரு தூசி இல்லை. அவர்கள் எல்லாருக்கும் விரல்கள் முருங்கைக்காய் மாதிரி நீளம். என்னுடையது வாழைக்காய் ரகம். ஒருவர் எழுதியிருந்தார், தீவிரமாக எழுதுகிறவர்கள் மினி கட்டை பக்கமே போகக் கூடாது என்று. நான் தீவிரமானவனா? இதை யோசிப்பதற்கே ஒரு நாள் எடுத்தது. முடிவு தெரியவில்லை. மறுநாள் இன்னொருவர், மேஜையில் பொருந்தாத கீபோர்டு கட்டிலுக்கு அடியில்தான் வாழும் என்று எழுதியிருந்தார். அது எனக்கே எழுதியது மாதிரி இருந்தது.

என் மேஜையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவி பக்கத்து யூனிட்டுக்கு லேபிளும் சைஸ் ஸ்டிக்கரும் பிரித்துக் கட்டிக் கொடுக்கிறாள். மேஜையின் முக்கால் பாகம் அவளுடைய பெட்டிகள். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் எனக்கு ஒதுக்கப்பட்ட நாடு ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர்.

"பெட்டியைக் கொஞ்சம் அக்கட்ட நகத்திக்கலாமா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"எதுக்குங்க?"

"ஒரு சாமான் வருது."

"சாமான் சம்பாரிக்குதுங்களா?"

நாட்டின் எல்லை அப்படியே இருந்தது.

இந்த இடத்தில் வேறு ஊர்க்காரனாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை வாங்கியிருப்பான். சாம்பிளைத் தொட்டுப் பார்க்காமல் ஆர்டர் போடுவது என் ரத்தத்தில் கிடையாது. கோயம்புத்தூர்க் கடைகளுக்குப் போன் போட்டேன். பெரிய கீபோர்டு இருக்கிறது, சின்னது வரவழைத்துத் தருகிறோம் என்றார்கள். பார்க்காமல் எப்படி வரவழைப்பது?

ஒன்பதாவது நாள் ஒரு யோசனை வந்தது. இப்போது நினைத்தாலும் அது நல்ல யோசனைதான். மூன்று கீபோர்டுகளின் நீளம், அகலம், ஒவ்வொரு கட்டையின் அகலம் எல்லாவற்றையும் இணையத்திலிருந்து எடுத்து, கம்பெனி ஸ்பெக் ஷீட்டில், சட்டைக்கு மார்பு, தோள், கை என்று எழுதுகிற அதே கட்டங்களில், சுத்தமாக நிரப்பினேன். எங்கள் பேட்டர்ன் மாஸ்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். துணி வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு பாகத்தையும் தடித்த அட்டையில் வெட்டிக் கொடுக்கிற மனிதர். இருபத்திரண்டு வருடமாகப் பழக்கம். அவர் வெட்டிய அட்டையில் ஒரு நூல் பிசகி நான் பார்த்தது அபூர்வம்.

அவர் ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங் சார், இது என்னுங் ஸ்டைலு?"

"புதுசு."

"கொழந்தைகளுக்குங்களா?"

"அப்படி வெச்சுக்கோங்க" என்றேன். இசை எழுதுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கட்டிங் டேபிளில் ஆறு பேர் நின்றிருந்தார்கள்.

"அவசரமுங்களா?"

"நாளைக்கு வேணும்."

"உங்களுக்கு என்னைக்குங் சார் நாளான்னைக்கு வேணும்னு இருந்திருக்குது?"

மறுநாள் மூன்று அட்டைகள் தயாராக இருந்தன. கட்டைகளுக்கு நடுவில் கோடு, கறுப்புக் கட்டைக்கு மார்க்கர் பேனாவால் மை. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து ட்ரயல் பார்த்தேன்.

நாற்பத்தொன்பது கட்டை, பேசவே வேண்டாம். பெட்டிகளின் மேல் ஏறிப் படுத்தது. முழு அளவுக் கட்டை உள்ள இருபத்தைந்து, என் ஆசை அதுதான், வைத்தால் சுவரில் இடித்து, இந்தப் பக்கம் இரண்டு விரல் அகலம் பெட்டிக்குள் போகப் பார்த்தது. மினி கட்டை முப்பத்திரண்டு மட்டும் கச்சிதமாக உட்கார்ந்தது. விரலை வைத்துப் பார்த்தேன். மினி என்று பயமுறுத்தினார்களே, அப்படி ஒன்றும் மோசமில்லை. கட்டை விரலிலிருந்து சுண்டு விரலுக்கு எட்டுச் சுரம் விரிந்தது. வாழைக்காயும் ஒரு கட்டைக்குள் அடங்கியது, கொஞ்சம் மூச்சைப் பிடித்தால்.

மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அட்டையில் ஒரு பல்லவி வாசித்துக்கொண்டிருந்தேன்.

"சத்தமே வரலீங்களே" என்றாள்.

"அட்டை."

"அது தெரியுதுங்க. நீங்க தலையாட்டறதுதான் வெளங்கல."

வெள்ளிக்கிழமை ஆர்டர் போட்டேன். செவ்வாய்க்கிழமை வந்தது. ஞாயிறுக்கு ஐந்து நாள்.

பெட்டியைப் பிரித்தேன். சாமான் சின்னதாக இருந்தது. சின்னதைத்தானே கேட்டோம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மேஜையில் வைத்தேன். இரண்டு பக்கமும் தாராளமாக இடம். செருகி, முதல் சுரத்தை அழுத்தினேன். கோட்டில் இரண்டு சுரம் ஏறியது. அழித்துவிட்டு மறுபடி அழுத்தினேன். இரண்டு. விரலின் ஓரத்தால் அழுத்தினேன், ஒன்று ஏறியது. அடுத்ததற்கு மணிக்கட்டைத் திருப்ப வேண்டியிருந்தது. பட்டைக்குள் மணிக்கட்டு கத்தியது.

அட்டையை எடுத்து மேலே வைத்தேன். அட்டை நான்கு பக்கமும் வெளியே நின்றது.

டேப்பால் அளந்தேன். என் தொழிலே அளப்பது. ஒரு நாளைக்கு நூறு உருப்படி அளக்கிறவன், இந்த ஒன்றை மட்டும் அளக்கவில்லை. கீபோர்டு, ஸ்பெக் ஷீட்டில் இருந்தது போலவே நாற்பத்திரண்டு. அட்டை நாற்பத்தைந்தரைக்குப் பக்கம்.

மறுநாள் காலை கம்பெனியில் முதல் வேலையாகப் பேட்டர்ன் மாஸ்டர் முன்னால் அட்டையைப் போட்டேன். "இது ஷீட் அளவு இல்லீங்களே!"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஷீட் அளவுல எப்படிங் சார் வெட்டறது? துவைச்சா சுருங்காதுங்களா? எட்டு பர்சென்ட் சேத்துப் போட்டுருக்கறேன்."

நான் அட்டையைப் புரட்டிப் பார்த்தேன். அவரே தொடர்ந்தார்.

"கொழந்தைகளுக்குன்னீங்க. பியானோ மாதிரி தலகாணி போலிருக்குதுன்னு நெனச்சேன். துணி எழுதல. சரி, ஃபிளீஸ் துணியா இருக்கும்னு எட்டு போட்டேன். ஏனுங், பத்து போட்டிருக்கோணுமா?"

இதில் அவரைக் குறை சொல்ல ஒரு நூலிழை இடம் கிடையாது. எங்கள் ஷீட்டில் எழுதுவது துவைத்த பிறகு நிற்க வேண்டிய அளவு. பருத்திப் பின்னல் துணி தண்ணீர் பட்டால் சுருங்கும். அதனால் அட்டையைப் பெரிதாக வெட்டுவார்கள். அப்படி அவர் சேர்க்க மறந்த ஒன்றிரண்டு தடவை, தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்தியவன் நான். இப்போது துவைக்கவே முடியாத ஒரு பிளாஸ்டிக் சாமானுக்கு ஒழுங்காகச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். மனசுக்குள் இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். முழு அளவு இருபத்தைந்து கட்டையின் நிஜ நீளம் ஐம்பது. அட்டையில் ஐம்பத்திநாலு. என் நாடு ஐம்பத்திரண்டு. நிஜமாக வாங்கியிருந்தால் பொருந்தியிருக்கும். எட்டு சதவீதம் எனக்கு வேண்டியதைத் தள்ளிவிட்டு, வேண்டாததை உள்ளே விட்டிருக்கிறது.

"சரியாத்தான் போட்டிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாற்றிக் கேட்டால் புதியது வர ஒரு வாரம் ஆகும். ஞாயிறு முடிந்துவிடும். அடுத்த ஞாயிறு ஒரு வருடம் கழித்து. அடுத்த வருடமும் இவர்கள் என்னுடையதை எடுப்பார்கள் என்பதற்கு யார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது? வரவில்லை என்று எழுதிவிடலாம் என்று தோன்றியது. எழுதவும் ஆரம்பித்தேன். 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று எழுதியதும் ஒரு நிம்மதி வந்ததே, அந்த நிம்மதிதான் என்னை உலுக்கிவிட்டது. பதினோரு நாள் நான் கீபோர்டு தேடவில்லை, இந்த வாக்கியத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தேனோ என்று சந்தேகம் வந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் முழுக் கதையையும் சொன்னேன். இசை, கோயம்புத்தூர், அட்டை, எட்டு சதவீதம். பென்சிலால் நான் ஏதோ எழுதுகிறேன் என்று அவளுக்குத் தெரியும். ஆபீஸ் கணக்கு என்று நினைத்திருந்தாளாம். அவள் எட்டு சதவீதத்துக்கு மட்டும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு கீபோர்டில் ஒரு விரலை வைத்தாள். நாள் முழுக்க லேபிள் பிரிக்கிற விரல். கட்டையின் இரண்டு பக்கமும் இடம் மிச்சம் இருந்தது.

"எதை அமுக்கோணும்னு சொல்லுங்க. அமுக்கறேன்."

"உனக்குச் சுரம் தெரியாதே."

"உங்களுக்குத் தெரியுமில்லீங்க?"

ஒரு பெட்டியைத் திறந்து சைஸ் ஸ்டிக்கர் சுருளை எடுத்தாள். வெள்ளைக் கட்டைகள் ஏழு ஏழாகத் திரும்பத் திரும்ப வருகின்றன என்று நான் சொன்னதும், ஏழு சைஸ் எண்ணி ஒட்ட ஆரம்பித்தாள். எக்ஸ்எஸ், ஸ்மால், மீடியம், லார்ஜ், எக்ஸ்எல், டபுள், ட்ரிபிள். மறுபடி எக்ஸ்எஸ். மேற்கத்திய இசை இத்தனை நூற்றாண்டாக ஏ, பி, சி என்று எழுத்துகளால் பெயரிட்டு வந்ததை எங்கள் வீட்டில் பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டோம்.

புதன் மாலை ஆரம்பித்தோம். பிறகு தினமும் காலை ஐந்தரையிலிருந்து, பால் பொங்குகிற வரைக்கும். நான் இடது கையால் மாத்திரைப் பொத்தான், அவள் கட்டை.

"ஸ்மால். ஸ்மால். லார்ஜ். டபுள். டபுளுக்கு அடுத்த கறுப்பு. டபுள்."

"மேலயா கீழயா?"

"கீழ. சாரி, மேல."

"தைக்கறப்ப டெய்லருக்கு இப்படி மாத்தி மாத்திச் சொன்னீங்கன்னா மெஷினைத் தூக்கிப் போட்டுட்டுப் போயிருவான்."

வெள்ளிக்கிழமை எழுபது பார் தாண்டியது. வேகம் வந்துவிட்டது. ஆனால் எனக்குப் பயம் குறையவில்லை, இடம் மாறிக்கொண்டது. நேரம் போதுமா என்று இருந்தது, இது போதுமா என்று ஆனது. ஒவ்வொரு சுரத்தையும் உரக்கச் சொல்லும்போது அதன் வறுமை தெரிகிறது. அன்று வியோலாப் பகுதி போய்க்கொண்டிருந்தது. அவள் கையை எடுத்துவிட்டாள்.

"ஏனுங்க, இவருக்கு மட்டும் டபுளாவே வருது?"

"அது அப்படித்தான். அவர் நிலையா நிக்கணும்."

"எட்டு பார் முழுக்க டபுள் எக்ஸ்எல்லே. மத்த சைஸு எதுவும் ஓடலையா? இந்த ஆளு ஞாயித்துக்கெழமை இதுக்குன்னு வர்றாரு. ஒரே சைஸை அடிச்சிட்டுப் போவாரா?"

அது நிலையாக நிற்கவில்லை, எனக்கு அந்த இடத்தில் எதுவும் தோன்றாததால் நிற்க வைத்திருந்தேன். மூன்று வருடமாக எனக்குத் தெரியும். யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். இரண்டு நாள் இருக்கையில் திருத்தப் போனால் எல்லாம் கெடும் என்று ஒரு மனது. பால் பொங்கி வழிகிற வாசனை. அவள் ஓடினாள். வருவதற்குள் எட்டு பாரை அழித்துவிட்டேன். அன்று மதியம் கம்பெனியில், சாம்பிள் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, நிராகரித்த பனியன்களுக்கு நடுவில் உட்கார்ந்து, புதிதாக எட்டு பார் எழுதினேன்.

சனிக்கிழமை மிச்சத்தையும் ஏற்றி அச்சடித்தோம்.

ஞாயிறு காலை பஸ்ஸில் அவள் ஜன்னலோரம். என் மடியில் தாள்கள். அவிநாசி தாண்டுவதற்குள் மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன். நான்கு பேர், நான்கு தாள் கட்டு, ஒவ்வொரு தடவையும் நான்குதான் வந்தது. "குஞ்சு பொரிச்சிருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

ஒரு கட்டடத்தின் மாடியில் சின்ன ஹால். எங்களைத் தவிர ஐந்தாறு பேர். நான்கு பேரும் தாளை வாங்கிப் புரட்டினார்கள். முதல் வயலின்காரர் ஒரு பெண்மணி, என் வயது இருக்கும். "நீங்க என்ன பண்றீங்க சார்?" என்றார்.

"பனியன் கம்பெனிங்க."

அவர் தலையாட்டிவிட்டு வில்லைத் தூக்கினார்.

வாசித்தார்கள். நான் பென்சிலை எடுத்துவிட்டேன். என்னிடம் ஒரு பிரதி இருந்தது. பதினாலாவது பாரில் செல்லோ ஒரு சுரம் தவறு, வட்டமிட்டேன். முப்பத்தொன்றில் தாளிலேயே தவறு, அது எங்கள் வீட்டுத் தவறு, வட்டமிட்டேன். ஐம்பதில் இரண்டாம் வயலின் தாமதம். வட்டம். சரக்கு கப்பல் ஏறுவதற்கு முன் கடைசிப் பரிசோதனைக்கு உட்காருகிற அதே உட்கார்வு, அதே மூச்சு. திடீரென்று அமைதி. முடிந்துவிட்டிருந்தது.

"எப்படி இருந்துச்சுங்க?" என்று முதல் வயலின்காரர் கேட்டார்.

"பதினோரு தப்பு" என்றேன்.

நான்கு பேரும் சிரித்தார்கள். நான் தாளைப் பார்த்தேன். பதினோரு வட்டம் இருந்தது. நான்கு நிமிட இசையில் ஒரு நொடிகூட என்னிடம் இல்லை. மூன்று வருடமும் இருபது நாளும் காத்திருந்து, வந்து உட்கார்ந்து, கேட்காமல் விட்டிருக்கிறேன். அடுத்தவருடைய தாளை எடுக்க அவர்கள் கையை நீட்டிவிட்டார்கள்.

"இன்னொரு வாட்டி வாசிங்களேனுங்க" என்றாள் என் மனைவி, எனக்குப் பின்னால் இருந்து. "நான் இப்பத்தான் கேக்க ஆரம்பிச்சேன். முடிஞ்சுபோச்சு."

செல்லோக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். மற்ற மூவரையும் பார்த்தார். "கொஞ்சம் மெதுவா போலாமா?" என்றார்.

வில்கள் எழுந்தன. பிரதியை மூடி நாற்காலிக்கு அடியில் வைத்தேன். கையை என்ன செய்வது என்று தெரியாமல் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். முதல் நான்கு பார் வந்தது. எனக்குத் தெரிந்ததைவிடத் தடிமனான, வில்லும் தந்தியும் உரசுகிற சத்தம். இது நான் எழுதியதுதானா என்று பயமாக இருந்தது. அடுத்த வளைவில் நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை.